இரண்டு விடைகளுக்கு நடுவே

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. சட்டம் படிக்க வேண்டும், அதுவும் திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்காக கிளாட் நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன். கணக்கு எனக்கு நன்றாக வரும். வங்கித் தேர்வுக்குப் படித்த அண்ணனின் ரீசனிங் புத்தகத்தை முழுதாகப் போட்டு முடித்துவிட்டேன். வட்ட மேசை, ரத்த உறவு, திசை, கோடிங் எதைக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மாக் டெஸ்ட்டில் லாஜிக்கல் ரீசனிங் பகுதி காலை வாரிவிடுகிறது. நான்கில் இரண்டு விடைகளைத் தள்ளிவிடுகிறேன். மீதி இரண்டில் எப்போதும் தவறானதைத்தான் குறிக்கிறேன். விளக்கத்தைப் படித்தால் புரிகிறது, அடுத்த கேள்வியில் மறுபடி அதே கதை. என் ஆங்கிலம்தான் காரணமா? கோச்சிங் போக வீட்டில் வசதியில்லை. தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எப்படிப் படிக்க?

பதில்: தம்பி, முதலில் அண்ணனின் புத்தகத்தை அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. அந்தப் புத்தகம் தயார் செய்கிற தேர்வு வேறு, நீங்கள் எழுதப்போகிற தேர்வு வேறு.

2019 வரை கிளாட்டில் 200 கேள்விகள். அதில் 40 லாஜிக்கல் ரீசனிங். அப்போது நீங்கள் சொன்ன ரத்த உறவு, எண்தொடர் எல்லாம் தனித்தனிக் கேள்விகளாக வந்தன. 2020 தேர்விலிருந்து அந்த வடிவமே மாறிவிட்டது. எல்லாப் பகுதியிலும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே கேள்வி கேட்கிறார்கள். மொத்தக் கேள்விகள் முதலில் 150 ஆகவும், 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120 ஆகவும் குறைந்தன. இரண்டு மணி நேரம், 120 கேள்வி. லாஜிக்கல் ரீசனிங்குக்கு 22 முதல் 26 கேள்விகள், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பத்தியும் சுமார் 450 சொற்கள். புதிர் வகைக் கேள்விகளும் பத்திக்குள் நுழைந்து வந்ததுண்டு. அவற்றுக்கு நீங்கள் ஏற்கெனவே போட்ட பயிற்சி போதும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஐலெட் தேர்வை எழுதுவதாக இருந்தால் மட்டும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 150 கேள்விகளில் 70 லாஜிக்கல் ரீசனிங், புதிர்களுக்கும் அங்கே மதிப்பு உண்டு.

கிளாட்டில் உங்களிடம் கேட்பது இதுதான்: இந்தப் பத்தியை எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார், அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்குகிறதா? மூன்றாவதில்தான் மதிப்பெண் இருக்கிறது. நீங்கள் சறுக்குவதும் அங்கேதான் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. இரண்டு விடைகளைச் சரியாகத் தள்ளுகிற அளவுக்குப் பத்தி உங்களுக்குப் புரிகிறது. எனவே ஆங்கிலம் முதல் குற்றவாளி அல்ல. காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தமிழிலேயே ஒன்று போட்டுப் பார்ப்போம். இது நானே கட்டிய கதை. ஓர் ஊரில் பேருந்து நிலையத்தைச் சுற்றி நகராட்சி கண்காணிப்பு கேமராக்களைப் பொருத்துகிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், அந்தப் பகுதியிலிருந்து காவல் நிலையத்துக்கு வந்த திருட்டுப் புகார்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. ‘கேமராக்கள் திருட்டைக் குறைத்துவிட்டன, ஆகவே ஊர் முழுக்கப் பொருத்த வேண்டும்’ என்று ஒருவர் எழுதுகிறார்.

முடிவு எது என்று கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் கடைசி வாக்கியத்தைக் காட்டுவார்கள். ஊர் முழுக்கப் பொருத்த வேண்டும் என்பது முடிவுதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு முடிவு இருக்கிறது. கேமராவால்தான் திருட்டு குறைந்தது என்பது முதல் காரணத்திலிருந்து பிறந்த முடிவு. அதுவே அடுத்ததற்குக் காரணமாகவும் நிற்கிறது. எந்த முடிவைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்று பார்க்காமல் விடையைத் தொடக்கூடாது.

இனி, எழுதியவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது? புகார்கள் குறைந்தன என்கிற ஒரே ஒரு செய்தி. அங்கிருந்து அவர் மூன்று தாவல் தாவுகிறார். புகார் குறைந்ததிலிருந்து திருட்டு குறைந்ததற்கு ஒன்று. திருட்டு குறைந்ததிலிருந்து கேமராவே காரணம் என்பதற்கு இன்னொன்று. பேருந்து நிலையத்தில் பலித்தது தெருவெங்கும் பலிக்கும் என்பது மூன்றாவது. இந்தப் பத்தியிலிருந்து அலசல் கேள்வி என்று எது வந்தாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒரு தாவலின் மேல்தான் வந்து உட்காரும். கேள்வியைப் படிக்கும் முன்பே தாவல்களைப் பென்சிலால் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று மிரள வேண்டாம். மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லித் தருவது இதே பாடம்தான். நாட்டும் கருத்து பக்கம், அதற்கான காரணம் ஏது, பிறகு எடுத்துக்காட்டு. இவற்றில் ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் போலியாகும் என்ற நீண்ட பட்டியலும் அங்கே உண்டு. தேர்வுக்கு அதைப் படிக்கச் சொல்லவில்லை. விடுமுறையில் புரட்டிப் பாருங்கள்.

கேமராவுக்கு வருவோம். ‘கேமராக்களால்தான் திருட்டு குறைந்தது என்ற முடிவை மிகவும் பலவீனமாக்குவது எது?’ இது கேள்வி. விடைகள் நான்கு. (அ) கேமராக்களைப் பராமரிக்க நகராட்சிக்குப் பெருஞ்செலவாகிறது. (ஆ) பொது இடக் கேமராக்கள் தனிமனித அந்தரங்கத்தில் தலையிடுவதாகப் பலர் கருதுகிறார்கள். (இ) மழைக்காலத்தில் சில கேமராக்கள் சில வாரங்கள் இயங்கவில்லை. (ஈ) கேமரா பொருத்திய அதே மாதத்தில் பேருந்து நிலையத்துக்குள் புறக்காவல் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

முதலாவதை நீங்களே தள்ளிவிடுவீர்கள். சட்டம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் பலர் விழுகிற குழி இரண்டாவது. அந்தரங்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தது நினைவுக்கு வந்துவிடும். பொது அறிவுப் பகுதிக்கு அவ்வளவு படித்திருக்கிறோமே, விடலாமா என்று கை தானாகப் போகும். அந்தத் தீர்ப்பு சரி, அந்தக் கவலையும் சரி. ஆனால் கேமரா அந்தரங்கத்தைக் குலைக்கிறது என்பதும் கேமரா திருட்டைக் குறைத்தது என்பதும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியுமே! ஊர் முழுக்கப் பொருத்தலாமா என்ற இரண்டாவது முடிவைப் பற்றிக் கேட்டிருந்தால் (அ), (ஆ) இரண்டுக்கும் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். இப்போது கேட்டது அதையல்ல.

கடைசியில் நிற்பவை (இ), (ஈ). உங்கள் இரண்டு விடைச் சிக்கல் இதுதான். (இ) சரிபோலத் தோன்றக் காரணம், அது கேமராவைக் குறை சொல்கிறது. ஆனால் சில கேமராக்கள் சில வாரம் நின்றாலும் மற்றவை மற்ற நாளெல்லாம் வேலை செய்திருக்கும், திருடனுக்கு எது நின்றது என்று தெரியவும் தெரியாது. (ஈ) கேமராவைப் பற்றி ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் திருட்டு குறைந்ததற்கு இன்னொரு காரணத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரண்டாவது தாவலின் அடியில் இருந்த தரை அப்படியே நகர்ந்துவிடுகிறது. கடைசி இரண்டில் தேர்ந்தெடுக்கும்போது, முடிவின் எதிர்க்கட்சி போலப் பேசுவது எது என்று பார்க்கக்கூடாது. எந்தத் தாவலை எது தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அசம்ப்ஷன் கேள்விக்கு ஒரு நல்ல சோதனை உண்டு: விடையை எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘இரண்டு ஆண்டுகளிலும் மக்கள் திருட்டு நடந்தால் ஏறத்தாழ ஒரே அளவில் புகார் கொடுத்தார்கள்’ என்று ஒரு விடை இருக்கிறது என்று வையுங்கள். அப்படி இல்லை, இந்த ஆண்டு பாதிப் பேர் அலைச்சலுக்கு அஞ்சிப் புகாரே கொடுக்கவில்லை என்று மாற்றினால் வாதம் சரிந்துவிடுகிறது. அப்படியானால் எழுதியவர் சொல்லாமலே நம்பியிருந்தது அதைத்தான். ‘உலகில் தரமான கேமராக்கள் இவைதான்’ என்பதை மாற்றிப் பாருங்கள். வாதத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆகவே அது விடையல்ல.

இன்ஃபரன்ஸ் என்று வந்தால் ஆட்டத்தின் விதியே வேறு. பலவீனமாக்கு, வலுவாக்கு என்ற கேள்விகளில் பத்தியில் இல்லாத புதுத் தகவல் வரத்தான் செய்யும். புறக்காவல் நிலையம் பத்தியில் இல்லையே என்று அதைத் தள்ளுவது தவறு. இன்ஃபரன்ஸ் கேள்வியிலோ புதுத் தகவலுக்கு இடமே இல்லை. பத்தியில் உள்ளது உண்மையானால் எது கட்டாயம் உண்மை என்பதுதான் கேள்வி. ‘கேமரா உள்ள இடத்தில் திருடர்கள் வர மாட்டார்கள்’ என்பது அடித்துப் பேசுகிற விடை, அதனாலேயே தவறு. ‘கேமரா வந்த பிறகும் அந்தப் பகுதியிலிருந்து திருட்டுப் புகார்கள் வந்தன’ என்பது சப்பென்று இருக்கிறது. ஆனால் பாதியாகக் குறைந்தது என்றால் மீதிப் பாதி வந்திருக்கிறது, மறுக்க முடியாது. எப்போதும், ஒருபோதும், அனைத்தும், மட்டுமே போன்ற கனத்த சொற்களைக் கண்டால் இன்ஃபரன்ஸில் சந்தேகப்படுங்கள். அதே பழக்கத்தை வலுவாக்கு, பலவீனமாக்கு கேள்விகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே விடை உண்மை என்று வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் கேட்கிறார்கள், எவ்வளவு கனமாக இருந்தாலும் தவறில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே சூத்திரத்தைப் போடுவதால்தான் விளக்கம் படிக்கும்போது புரிந்தது அடுத்த கேள்வியில் உதவாமல் போகிறது.

கணக்கு வரும் என்கிறீர்கள், அதனால் நிபந்தனை வாக்கியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘நுழைவுத் தேர்வு எழுதினால்தான் இந்தக் கல்லூரியில் இடம்’ என்றால், இடம் கிடைத்தவர் எவராயினும் தேர்வு எழுதியிருக்கிறார். எழுதியவருக்கெல்லாம் இடம் உண்டு என்று பொருளல்ல. ‘எழுதினால் இடம்’ என்பது நேர் எதிர்த் திசை. இஃப், ஒன்லி இஃப், அன்லெஸ் மூன்றும் ஆங்கிலப் பத்தியில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அம்புக்குறி போட்டு எழுதிப் பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஒப்புமை, முரண்பாடு கேள்விகளுக்கும் தனிப் படிப்பு வேண்டாம், தாவல் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இப்போது ஆங்கிலம். முதல் குற்றவாளி அல்ல என்றேன், கூட்டாளி என்பதை மறுக்கவில்லை. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது, அதற்கு மாற்றில்லை. ஆனால் புதுப் பழக்கத்தையும் அந்நிய மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்காதீர்கள். முதல் மூன்று வாரம் தமிழிலேயே செய்யுங்கள். இந்து தமிழ் திசை, தினமணி இவற்றின் நடுப்பக்கக் கட்டுரைகளில் நாளுக்கு ஒன்று. படித்து முடித்து மூன்று வரி எழுதுங்கள்: முடிவு என்ன, காரணம் என்ன, எங்கே தாவுகிறார். கட்டுரையாளருடன் நீங்கள் உடன்படுகிறீர்களா என்பதை எழுதாதீர்கள். பட்டிமன்றத்தில் நடுவருக்கும் மனத்தில் ஒரு கட்சி இருக்கலாம், ஆனால் அவர் எந்த அணி எதை நிறுவியது என்றுதானே பார்க்க வேண்டும். அந்த நாற்காலி உங்களுக்கு. உடன்படுகிற கட்டுரையில் தாவலைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பதைச் சீக்கிரமே உணர்வீர்கள். அதனால் உங்கள் கருத்துக்கு ஒத்த கட்டுரைகளையே அதிகம் எடுங்கள்.

நான்காவது வாரம் தி இந்து, இந்தியன் எக்ஸ்பிரஸ் பக்கம் போங்கள். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்க்க வேண்டாம். வாதத்தைத் திருப்புகிற சின்னச் சொற்களைப் பாருங்கள். தேர்ஃபோர், ஹென்ஸ் வந்தால் முடிவு வருகிறது. சின்ஸ், பிகாஸ் வந்தால் காரணம் வருகிறது. ஹவெவர், யெட் வந்தால் வண்டி திரும்புகிறது. அந்தத் திருப்பம்தான் மிக முக்கியம். நல்ல கட்டுரையாளர்கள் எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் நியாயமாகவே எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு மறுப்பார்கள். அவசரத்தில் படிப்பவர் அந்த எதிர்த்தரப்பை ஆசிரியர் கருத்து என்று எடுத்துக்கொள்வார். விடை தயாரிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும், ஒரு விடை அதற்காகவே காத்திருக்கும்.

தவறுகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். சரியான விடை எது என்று எழுதுவதில் பயனில்லை. நீங்கள் குறித்த தவறான விடை உங்களை எப்படி இழுத்தது என்று எழுதுங்கள். பத்தியில் இல்லாததை என் பொது அறிவிலிருந்து கொண்டுவந்தேன். முதல் பாதி சரி, பின்பாதியைப் படிக்கவில்லை. வேறு முடிவுக்கு விடை சொன்னேன். காரண காரியத்தைத் தலைகீழாக எடுத்தேன் என்று உங்கள் சொந்தச் சொற்களில். நாற்பது ஐம்பது தவறுகள் சேர்ந்ததும் பாருங்கள். பெரும்பாலானவை இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும். உங்கள் கடிதத்தை வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால், ‘வேறு முடிவுக்கு விடை சொன்னேன்’ என்பது முதலிடம் பிடிக்கும் என்பேன். விளக்கத்தைப் பார்க்கும் முன் அந்தக் கேள்வியை நேரக் கணக்கில்லாமல் இன்னொரு முறை போடுவதும் நல்லது. இரண்டாம் முறை சரியாக வந்தால் பிரச்சினை அவசரம், மறுபடி தவறினால் பிரச்சினை புரிதல். இரண்டுக்கும் மருந்து வேறு.

கோச்சிங் இல்லாமல் முடியுமா என்றால், இந்தப் பகுதிக்கு முடியும் என்றே சொல்வேன். தேர்வை நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. 2020-க்குப் பிறகு வந்தவற்றை மட்டும் எடுங்கள், கடைசி இரண்டைத் தேர்வு நெருங்கும்வரை தொடாமல் வையுங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங் கேள்விகள். அதை நடத்துபவர்களின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்குக்கே சில முழுத் தேர்வுகள் கிடைக்கும். அங்கே பத்தி மிகச் சிறியது, விடைகள் ஐந்து, நெகட்டிவ் மார்க் கிடையாது. எனவே வேகத்துக்கு அது உதவாது. கூர்மைக்கு அதைப்போல் இன்னொன்று இல்லை, ஏனென்றால் தவறான விடைகளை அவ்வளவு நுட்பமாகச் செதுக்கியிருப்பார்கள். பழைய தாள்களில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி இருக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து அவர்களே அதை எடுத்துவிட்டார்கள், நீங்களும் விட்டுவிடுங்கள்.

வழிகாட்ட ஆள் வேண்டும் என்றால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுசேர்க்க ஐடியா என்ற அமைப்பு இருக்கிறது. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கியது. சட்ட மாணவர்களே சொல்லித் தருகிறார்கள். எழுதிக் கேளுங்கள். அரசுப் பள்ளி மாணவர் என்றால் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நுழைவுத் தேர்வுப் பயிற்சி உண்டா என்று தலைமையாசிரியரையும் விசாரியுங்கள். இன்னொன்று, வீட்டில் பதற்றப்பட்டால் சொல்லுங்கள்: தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். கிளாட்டுக்காக பிளஸ் டூவைக் கோட்டை விடாதீர்கள்.

நெகட்டிவ் மார்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். சரியானால் 1, தவறானால் 0.25 கழியும். இரண்டு விடைகளை நம்பிக்கையோடு தள்ளிவிட்டு மீதி இரண்டில் கண்ணை மூடித் தொட்டாலும் சராசரியாக ஒரு கேள்விக்கு 0.375 வரவு. நான்கிலும் குருட்டாம்போக்கில் தொட்டால்கூட 0.0625 வரவுதான், நட்டமில்லை. ஆகவே இரண்டில் வந்து நிற்கும் கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள். அதற்காக ஐந்து நிமிடம் அங்கேயே மல்லுக்கட்டவும் வேண்டாம். நாலு பத்தி, இருபத்துநாலு கேள்வி என்று வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 24 நிமிடம், பத்திக்கு ஆறு. படிக்க இரண்டரை, கேள்விகளுக்கு மூன்றரை. கணக்கில் வேகம் இருப்பதால் குவான்டிடேட்டிவ் பகுதியில் மிச்சம் பிடிக்கிற சில நிமிடங்களை இங்கே செலவழிக்கலாம்.

நாளுக்கு இரண்டு பத்திக்கு மேல் போடாதீர்கள், போட்டதை அலசுங்கள். நேரம் வைத்துப் போடுவதை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளுங்கள். கடைசி இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழுத் தேர்வு, மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 4 மணிக்கு எழுந்திருங்கள். கிளாட் நடப்பது அந்த நேரத்தில்தான், சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கத்தோடு சேர்த்துத்தான் பழக வேண்டும். அந்த ஞாயிறுகளில் விடையை நோட்டில் எழுதாமல் ஓஎம்ஆர் தாளைப் பிரதி எடுத்து அதில் பால்பாயின்ட் பேனாவால் நிரப்புங்கள். பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. ஒரு பத்திக்கு உரிய ஆறு விடைகளையும் முடிவு செய்துவிட்டு மொத்தமாக நிரப்புவது உங்களைப் போல இரண்டுக்கு நடுவே ஊசலாடுகிறவர்களுக்கு ஏற்றது.